விஸ்கொன்சின் ஆளுநர் - சட்டமன்ற மோதல்

விஸ்கொன்சின் ஆளுநர் - சட்டமன்ற மோதல் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விஸ்கொன்சின் மாநிலத்தில், 2019 ஜனவரியில் பதவியேற்ற ஜனநாயகக் கட்சி ஆளுநர் டோனி எவர்சுக்கும், குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையில் இருந்த மாநிலச் சட்டமன்றத்துக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட அதிகாரப் போட்டியைக் குறிக்கும். பள்ளிகளுக்கான நிதி, கொரோனாக் காலக் கட்டுப்பாடுகள், அரசுப் பதவி நியமனங்கள், தொகுதி எல்லைகள் என்று பல துறைகளில் இம்மோதல் பரவியது. பெரும்பாலான வழக்குகள் மாநில உச்ச நீதிமன்றத்தில் முடிவடைந்தமையால், அந்நீதிமன்றத்தின் ஏழு இருக்கைகளுக்கான தேர்தல்களே இம்மோதலின் போக்கைத் தீர்மானித்தன எனலாம்.

பின்னணி

இந்தியாவில் மாநில ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். ஆட்சியை நடத்துபவர் முதலமைச்சர். அமெரிக்க மாநிலங்களில் முதலமைச்சர் என்னும் பதவியே இல்லை. ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாநில அரசின் தலைவராக விளங்குகிறார். சட்டமன்றம் தனியே தேர்ந்தெடுக்கப்படுகிறது. எனவே ஆளுநர் ஒரு கட்சியினராகவும் சட்டமன்றப் பெரும்பான்மை மற்றொரு கட்சியினதாகவும் அமைவது அங்கு இயல்பான நிகழ்வாகும். சட்டமன்றத்தில் பெரும்பான்மை இல்லை என்பதற்காக ஆளுநர் பதவி விலக வேண்டியதில்லை. ஆளுநரும் சட்டமன்றத்தைக் கலைக்க இயலாது. இருவரும் தத்தம் பதவிக்காலம் முடியும்வரை ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும்.

விஸ்கொன்சின் சட்டமன்றம் மாநிலத் தலைநகரான மாடிசனில் கூடுகிறது. மேலவையான செனட்டில் 33 உறுப்பினர்களும் கீழவையில் 99 உறுப்பினர்களும் உள்ளனர். இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் வீட்டோ எனப்படும் தடுப்பதிகாரத்தைக் கொண்டு நிராகரிக்கலாம். அதை மீறி மசோதாவைச் சட்டமாக்க இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவை. 1985-க்குப் பின்னர் இம்மாநிலத்தில் எந்த ஆளுநரின் தடுப்பும் இவ்வாறு மீறப்பட்டதில்லை.

2011-இல் ஆளுநராகப் பதவியேற்ற ஸ்காட் வாக்கரின் காலத்தில் ஆளுநர் பதவி, இரு அவைகள் ஆகிய மூன்றுமே குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன. அவ்வாண்டில் அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டுப் பேர உரிமையைப் பெருமளவு நீக்கிய சட்டம் கொண்டுவரப்பட்டபோது, அவை கூடுவதைத் தடுப்பதற்காக 14 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் அண்டை மாநிலமான இலினொய்க்குச் சென்று தங்கினர். பல்லாயிரக்கணக்கானோர் தலைநகரில் திரண்டனர். எனினும் சட்டம் நிறைவேறியது. 2012-இல் வாக்கரைத் திரும்பப் பெறுவதற்காக நடந்த தேர்தலிலும் அவரே வென்றார். இரு கட்சியினருக்கும் இடையே அப்போது ஏற்பட்ட கசப்பு பின்னர் மறையவே இல்லை. அதே 2011-இல் வரையப்பட்ட தொகுதி எல்லைகள் அதனினும் நெடிய விளைவைத் தந்தன.

2018 நவம்பர் தேர்தலில், மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் தலைவராக இருந்த எவர்ஸ், 30,000-க்கும் குறைவான வாக்குகள் வேறுபாட்டில் வாக்கரைத் தோற்கடித்தார். அதே நாளில் நடந்த கீழவைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் மொத்த வாக்குகளில் ஏறத்தாழ 53 விழுக்காடு பெற்றனர். ஆயினும் அவர்களுக்குக் கிடைத்தவை 36 இடங்களே. குடியரசுக் கட்சிக்கு 63 இடங்கள் கிடைத்தன. பல தொகுதிகளில் குடியரசுக் கட்சி போட்டியிடவில்லை என்பதால் இந்த 53 விழுக்காட்டைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும். ஜனநாயகக் கட்சியின் வாக்காளர்கள் மில்வாக்கி, மாடிசன் ஆகிய நகரங்களில் குவிந்திருப்பதும் ஒரு காரணமே. இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டாலும், வேறுபாட்டின் பெரும்பகுதிக்குத் தொகுதி வரைபடமே பொறுப்பு என்பதில் ஐயமில்லை.

2018 டிசம்பர்க் கூட்டம்

புதிய ஆளுநர் பதவியேற்க ஒரு மாதமே இருந்த நிலையில், 2018 டிசம்பர் முதல் வாரத்தில் சட்டமன்றம் அசாதாரணக் கூட்டத்தொடர் ஒன்றைக் கூட்டியது. இரவு முழுவதும் நடைபெற்ற அமர்வில் வரவிருக்கும் ஆளுநரின் அதிகாரங்களைக் குறைக்கும் மசோதாக்கள் நிறைவேற்றப்பட்டன. தேர்தலில் தோற்றிருந்த வாக்கர் டிசம்பர் 14 அன்று அவற்றில் கையெழுத்திட்டார். கீழவைத் தலைவர் ராபின் வாஸ் உள்ளிட்டோர், இது அரசின் இரு கிளைகளுக்கும் இடையே சமநிலையை ஏற்படுத்தும் முயற்சி என்று விளக்கினர். வாக்கர் ஆட்சியில் இருந்த எட்டு ஆண்டுகளில் இச்சமநிலை தேவைப்படவில்லை என்பதை எதிர்க்கட்சியினர் சுட்டிக்காட்டினர்.

இச்சட்டங்களின்படி, மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒரு வழக்கைச் சமரசம் செய்துகொள்வதற்குச் சட்டமன்றத்தின் 16 உறுப்பினர் கொண்ட கூட்டு நிதிக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அப்பதவிக்கும் 2018-இல் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் கால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தின் தலைவரை நியமிக்கும் அதிகாரம் 2019 செப்டம்பர் வரை ஆளுநரிடமிருந்து பறிக்கப்பட்டது. தேர்தலுக்கு முந்தைய முன்கூட்டிய வாக்குப்பதிவு இரண்டு வாரங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. இத்துடன் வாக்கர் நியமித்திருந்த 82 பேருக்கு அதே கூட்டத்தில் செனட் ஒப்புதல் வழங்கியது.

முன்கூட்டிய வாக்குப்பதிவுக் கட்டுப்பாட்டை 2019 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. ஏனையவற்றை எதிர்த்த வழக்குகளில் மாநில உச்ச நீதிமன்றம் 2019-இலும் 2020-இலும் பெரும்பாலும் சட்டமன்றத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

பகுதித் தடுப்பதிகாரம்

சட்டமன்றத்தின் கை இவ்வாறு ஓங்கியிருந்தபோதும், விஸ்கொன்சின் ஆளுநரிடம் வேறு எந்த அமெரிக்க மாநில ஆளுநரிடமும் இல்லாத ஆற்றல் மிக்க கருவி ஒன்று இருந்தது. 1930-இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, நிதி ஒதுக்கீட்டு மசோதாவை ஆளுநர் முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்கலாம். பிற மாநிலங்கள் பலவற்றில் ஒரு செலவினத்தை அப்படியே நீக்க மட்டுமே ஆளுநரால் இயலும். விஸ்கொன்சினிலோ 'பகுதி' என்னும் சொல்லுக்கு எல்லை குறிக்கப்படவில்லை. எஞ்சியிருப்பது நிறைவான, நடைமுறைப்படுத்தத்தக்க சட்டமாக இருந்தால் போதும் என்று நீதிமன்றங்கள் விளக்கம் தந்தன. இதனால் நீக்குவதற்கு அளிக்கப்பட்ட அதிகாரம் காலப்போக்கில் எழுதுவதற்கான அதிகாரமாக உருமாறியது.

தமிழில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடுவது கடினமன்று. 'வரி விலக்கு' என்னும் தொடரில் பின்சொல்லை அடித்துவிட்டால் 'வரி' மட்டும் எஞ்சும். விஸ்கொன்சினில் நடந்தவை இதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. 1973-இல் ஆளுநர் பேட்ரிக் லூசி நெடுஞ்சாலைக் கடன் பத்திரங்களுக்கான 25 மில்லியன் டாலர் என்னும் தொகையில் '2' என்னும் இலக்கத்தை மட்டும் அடித்து, அதை 5 மில்லியனாக்கினார். 1975-இல் அவரே, 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் என்று பொருள்படும் தொடரிலிருந்து எதிர்மறைச் சொல்லை நீக்கினார். சட்டமன்றம் கீழ்வரம்பாக வைத்தது மேல்வரம்பாக மாறிவிட்டது.

1987-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்சன் இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை நிறைவேற்றிய வரவு செலவுத் திட்டத்தில் அவர் 290 இடங்களில் பகுதித் தடுப்பைப் பயன்படுத்தினார். சொற்களுக்குள் உள்ள எழுத்துகளையும் தனித்தனியே அடித்துப் புதிய சொற்களை உருவாக்கினார். 1988-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. தொலைக்காட்சிப் புதிர்ப் போட்டியொன்றில் எழுத்துப் பலகைகளைத் திருப்பிக் காட்டும் வான்னா வைட் என்பவரின் பெயரால் இம்முறை அழைக்கப்படலாயிற்று. 1990-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இது தடைசெய்யப்பட்டது. ஆனால் தடை எழுத்துகளுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. இலக்கங்களைப் பற்றித் திருத்தம் எதுவும் கூறவில்லை.

அடுத்து வந்தது வாக்கியங்களை ஒட்டும் முறை. 2005-இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜிம் டாயில் 752 சொற்கள் கொண்ட பகுதியிலிருந்து 20 சொற்களை மட்டும் விட்டுவைத்தார். எஞ்சிய சொற்கள் கூடி உருவாக்கிய வாக்கியம், போக்குவரத்து நிதியிலிருந்து 42.7 கோடி டாலரைப் பொது நிதிக்கு மாற்றியது. பல உடல்களின் உறுப்புகளை ஒன்றாகத் தைத்த கதைமாந்தரை நினைவூட்டியதால் இது பிராங்கன்ஸ்டைன் தடுப்பு எனப்பட்டது. 2008-இல் இதுவும் வாக்கெடுப்பின் மூலம் தடைசெய்யப்பட்டது. வாக்கர் 2017-இல் 2018 டிசம்பர் 31 என்னும் நாளைச் சுருக்கி, 3018 டிசம்பர் என்று மாற்றியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இவ்வதிகாரத்தை எதிர்க்கட்சியாக இருக்கையில் கண்டிப்பதும் ஆளுங்கட்சியாக இருக்கையில் பயன்படுத்துவதும் இரு கட்சிகளுக்கும் பொதுவான வழக்கமாகவே இருந்து வந்துள்ளது.

நானூறு ஆண்டுத் தடுப்பு

2019-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் எவர்ஸ் செய்த நான்கு பகுதித் தடுப்புகள் நீதிமன்றத்துக்குச் சென்றன. பழைய பள்ளிப் பேருந்துகளை மாற்றுவதற்கான நிதியை மின்னூர்திகளுக்கான மின்னேற்ற நிலையங்களுக்குப் பயன்படும் வகையில் மாற்றியதும் அவற்றுள் ஒன்று. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மூன்றைச் செல்லாதவை என்று அறிவித்தது. எனினும் நீதிபதிகளிடையே காரணங்களில் ஒற்றுமை இல்லாததால், எது வரம்பு என்பது தெளிவாகவில்லை.

2023-இல் சட்டமன்றம், பள்ளி மாவட்டங்கள் திரட்டக்கூடிய வருவாயின் உச்சவரம்பை மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 325 டாலர் வீதம் இரண்டு கல்வியாண்டுகளுக்கு உயர்த்தியது. அவற்றுள் இரண்டாவது 2024-25 கல்வியாண்டு ஆகும். ஜூலை 5 அன்று மசோதாவில் கையெழுத்திட்ட எவர்ஸ், அவ்வாண்டுக் குறிப்பில் இருந்த '20' என்னும் இலக்கங்களையும் இடைக்கோட்டையும் அடித்தார். எஞ்சியது 2425. இரண்டு ஆண்டுகளுக்கான உயர்வு 2425-ஆம் ஆண்டு வரை, அதாவது நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. எவர்ஸ் முன்னாள் ஆசிரியர் என்பதும், பணவீக்கத்துக்கேற்பப் பள்ளி வருவாய் வரம்பை உயர்த்துவதைச் சட்டமன்றம் பல ஆண்டுகளாகத் தவிர்த்து வந்தது என்பதும் இதன் பின்னணியாகும்.

இதை எதிர்த்த வழக்கில் 2025 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் 4-3 என்னும் கணக்கில் ஆளுநருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1990-இன் தடை எழுத்துகளைக் குறித்ததேயன்றி இலக்கங்களைக் குறித்ததன்று. ஒரு கால அளவை நீட்டிப்பதையும் அரசியலமைப்பு தடுக்கவில்லை என்று ஜில் கரோஃப்ஸ்கி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. நானூறு ஆண்டுகள் என்பது வியப்பூட்டினாலும், அதை மாற்ற வேண்டுமாயின் சட்டமன்றம் அரசியலமைப்பைத் திருத்துவதற்கோ மசோதாக்களை வேறு விதமாக எழுதுவதற்கோ வழியுண்டு என்பது அதன் கருத்து. சட்டமன்றம் இயற்றாத ஒன்றை ஆளுநர் தனியொருவராக இயற்ற இயலுமாயின், சட்டமியற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் வினவினர். இக்கேள்வியை எளிதில் புறந்தள்ள இயலாது.

உச்சவரம்பை உயர்த்துவது வேறு, பணம் தருவது வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மாநிலம் தன் பொது உதவித்தொகையை உயர்த்தாவிடில், பள்ளி மாவட்டங்கள் உள்ளூர்ச் சொத்து வரியை உயர்த்தியே இந்த 325 டாலரைத் திரட்ட இயலும். 2025-இல் நிறைவேறிய வரவு செலவுத் திட்டம் பொது உதவித்தொகையை உயர்த்தவில்லை. வீட்டு உரிமையாளரின் வரிச்சீட்டில் ஏறிய தொகைக்கு ஆளுநரின் தடுப்பே காரணம் என்று சட்டமன்றமும், சட்டமன்றத்தின் கைவிரிப்பே காரணம் என்று ஆளுநரும் கூறினர்.

கொரோனாக் காலம்

2020-இல் மோதல் மிகக் கடுமையான கட்டத்தை எட்டியது. ஏப்ரல் 7 அன்று நடைபெறவிருந்த தேர்தலைத் தள்ளிவைக்குமாறு எவர்ஸ் கூட்டிய சிறப்புக் கூட்டத்தை, சட்டமன்றம் சில நொடிகளில் ஒத்திவைத்தது. ஏப்ரல் 6 அன்று அவர் தாமே பிறப்பித்த தள்ளிவைப்பு ஆணையை அன்றைய தினமே உச்ச நீதிமன்றம் 4-2 என்னும் கணக்கில் இரத்துச் செய்தது. வழக்கமாக ஏறத்தாழ 180 வாக்குச்சாவடிகள் இயங்கும் மில்வாக்கி நகரில், பணியாளர்கள் இன்மையால் 5 மட்டுமே திறக்கப்பட்டன. முகக்கவசம் அணிந்த மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். அத்தேர்தலில்தான் மேலே குறிப்பிட்ட கரோஃப்ஸ்கி, பதவியில் இருந்த நீதிபதியைத் தோற்கடித்து உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்வானார்.

மே 13 அன்று, மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற சுகாதாரத் துறையின் ஆணையை, சட்டமன்றம் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் 4-3 என்னும் கணக்கில் நீக்கியது. அன்று இரவே பல மதுக்கூடங்கள் திறந்துகொண்டன. முகக்கவசம் கட்டாயம் என்ற ஆணை 2020 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. சுகாதார அவசரநிலை 60 நாட்களுக்கு மட்டுமே செல்லும். நீட்டிக்கச் சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவை. எவர்ஸ் ஒப்புதல் கோராமல் அடுத்தடுத்துப் புதிய அவசரநிலைகளை அறிவித்தார். 2021 பிப்ரவரியில் சட்டமன்றம் ஒன்றை நீக்கியதும் அதே நாளில் மற்றொன்றை வெளியிட்டார். மார்ச் 31 அன்று நீதிமன்றம் இதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது.

மறுபுறம், மத்திய அரசு வழங்கிய கொரோனா உதவி நிதியைச் செலவிடும் அதிகாரம் மாநிலச் சட்டப்படி ஆளுநரிடமே இருந்தது. இதை மாற்றச் சட்டமன்றம் கொண்டுவந்த இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்களை 2024 ஆகஸ்டு 13 அன்று வாக்காளர்கள் நிராகரித்தனர். விஸ்கொன்சினில் அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்றிய திருத்தம் நேராக மக்கள் வாக்கெடுப்புக்குச் செல்லும். ஆளுநரின் கையெழுத்து தேவையில்லை. ஆகவே ஆளுநரைச் சுற்றிச் செல்லும் வழியாகச் சட்டமன்றம் இதைப் பலமுறை பயன்படுத்தியது.

நியமனங்களும் சிறப்புக் கூட்டங்களும்

ஆளுநர் நியமிக்கும் துறைச் செயலாளர்களுக்குச் செனட்டின் ஒப்புதல் தேவை. 2019 நவம்பரில் வேளாண் துறைச் செயலாளர் பிராட் பாஃப் என்பவரின் நியமனத்தைச் செனட் நிராகரித்தது. எவர்ஸ் நேரில் அவைக்கு வந்து அமர்ந்து விவாதத்தைக் கவனித்தார். பாஃப் அடுத்த ஆண்டே தேர்தலில் வென்று, தம்மை நிராகரித்த செனட்டுக்கே உறுப்பினராகச் சென்றார். நியமனங்களைச் செனட் நிராகரிக்காமலும் ஏற்காமலும் கிடப்பில் போடுவது மற்றொரு முறையாகும். இயற்கை வள வாரியத்தில் வாக்கர் நியமித்த உறுப்பினர் ஒருவரின் பதவிக்காலம் 2021 மே மாதத்தில் முடிந்தது. மாற்று உறுப்பினருக்கு ஒப்புதல் கிடைக்கும் வரை தாம் விலக வேண்டியதில்லை என்று கூறி அவர் 2022 இறுதிவரை பதவியில் நீடித்தார். நீதிமன்றமும் இதனை 4-3 என்னும் கணக்கில் ஏற்றது.

துப்பாக்கிக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு போன்றவை குறித்து எவர்ஸ் பல சிறப்புக் கூட்டங்களைக் கூட்டினார். கூட்டத்தைக் கூட்டச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதேயன்றி விவாதிக்கக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பெரும்பாலும் வெற்று அவையில் சுத்தியல் இருமுறை தட்டப்பட்டுக் கூட்டம் முடிந்தது. எவர்சும் தம் பங்குக்கு 2021-22 தொடரில் 126 மசோதாக்களைத் தடுத்தார். 1927-இல் ஆளுநர் பிரெட் சிம்மர்மன் 90 மசோதாக்களைத் தடுத்ததே முந்தைய உச்ச அளவாக இருந்தது.

தொகுதி எல்லைகள்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் சட்டமன்றம் வரைந்த எல்லைகளை எவர்ஸ் தடுத்தார். பொறுப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது. 2022 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் எவர்சின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தது. ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஏப்ரலில் சட்டமன்றத்தின் வரைபடமே நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் எவர்ஸ் மீண்டும் ஆளுநராக வென்றபோதும், கீழவையில் குடியரசுக் கட்சிக்கு 64 இடங்கள் கிடைத்தன. 2023 ஏப்ரலில் செனட்டில் அக்கட்சி மூன்றில் இரு பங்கான 22 இடங்களை எட்டியது. கீழவையில் இன்னும் இரண்டு இடங்கள் கிடைத்திருந்தால் ஆளுநரின் தடுப்பதிகாரம் பெயரளவினதாகியிருக்கும்.

அதே 2023 ஏப்ரலில் ஜேனட் புரோட்டசேவிச் நீதிபதியாகத் தேர்வானதும் நீதிமன்றத்தின் பெரும்பான்மை மாறியது. டிசம்பர் 22 அன்று அந்நீதிமன்றம் வரைபடத்தைச் செல்லாது என்றது. தொகுதிகள் தொடர்ச்சியான நிலப்பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு; கீழவைத் தொகுதிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தீவுகள்போல் பிரிந்த துண்டுகள் இருந்தன. நீதிமன்றமே புதிய வரைபடம் ஒன்றைத் திணிக்கக்கூடும் என்று அஞ்சிய குடியரசுக் கட்சியினர், எவர்ஸ் முன்வைத்த வரைபடத்தையே நிறைவேற்றினர். 2024 பிப்ரவரி 19 அன்று எவர்ஸ் அதில் கையெழுத்திட்டார். நவம்பர் தேர்தலில் கீழவை 54-45 என்றும் செனட் 18-15 என்றும் அமைந்தன.

பிற்காலத் தீர்ப்புகளும் 2025 உடன்பாடும்

நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்கீழ் ஒதுக்கிய நிதியைச் சட்டமன்றக் குழுக்கள் பின்னர் தடுத்து நிறுத்தும் வழக்கத்தை நீதிமன்றம் 2024 ஜூலையில் ஆராய்ந்தது. இயற்கைப் பாதுகாப்பு நிலங்களை வாங்கும் திட்டங்களைக் கூட்டு நிதிக் குழு தடுப்பது செல்லாது என்று 6-1 என்னும் கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பழமைவாத நீதிபதியான ரெபெக்கா பிராட்லி என்பது கவனிக்கத்தக்கது. 2025 ஏப்ரலில் சூசன் கிராஃபோர்டு வென்ற நீதிபதித் தேர்தலுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவிடப்பட்டது. 2025 ஜூனில், 2018 டிசம்பர்ச் சட்டங்களில் தலைமை வழக்கறிஞரின் சமரச அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய விதி, அவர் தொடுக்கும் குடிமையியல் அமலாக்க வழக்குகளுக்குப் பொருந்தாது என்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

பெரும்பான்மை சுருங்கிய செனட்டில் குடியரசுக் கட்சியினர் சிலர் 2025 வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்ததால், எதிர்த்தரப்பு வாக்குகள் இன்றி அதை நிறைவேற்ற இயலாத நிலை உருவானது. எவர்சும் இரு கட்சித் தலைவர்களும் உடன்பாடு கண்டனர். மத்திய அரசின் புதிய சட்டம் கையெழுத்தாவதற்கு முன்னர் மாநிலத் திட்டம் நடைமுறைக்கு வந்தால்தான் மருத்துவமனைகள் வழியாகக் கூடுதல் மருத்துவ உதவி நிதியைப் பெற முடியும் என்பதால், ஜூலை 3 அன்று நள்ளிரவு கடந்து அதிகாலை ஒன்றரை மணியளவில் எவர்ஸ் கையெழுத்திட்டார். அதே மாதம் 24 அன்று, 2026 தேர்தலில் மூன்றாம் முறை போட்டியிடப் போவதில்லை என்று அவர் அறிவித்தார்.